மெயினை அணைத்துவிட்டு

"தொடாதீங்க. மெயினை அணைச்சீங்களா இல்லையா?"

குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று மறுபடியும் கேட்டாள் மனைவி. ஸ்டூலின் மேல் நின்று வாட்டர் ஹீட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த கணவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு, அணைச்சாச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. தெருவில் அவனுக்கு 'டெஸ்டர்' என்றுதான் பெயர். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் டெஸ்டர் இருக்கும். வீட்டில் எது கெட்டுப்போனாலும் கடைக்குக் கொடுக்க விடமாட்டான். அவன் கை வைத்த மிக்ஸி, ஒருவர் மூடியை அமுக்க இன்னொருவர் அடியைப் பிடித்தால்தான் ஓடும். அவன் சரிசெய்த டேபிள் ஃபேன் சுவருக்கு மட்டும் காற்று வீசும். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி.

ஆனால் போன மாதம் அயர்ன் பாக்ஸைப் பிரித்தபோது கரண்ட் அடித்துச் சுவரோரம் போய் விழுந்தானே, அதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை. அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இனிமேல் மெயினை அணைக்காமல் எதையும் தொடக் கூடாது. அதற்குப் பிறகு அவன் செய்கிற முதல் வேலை இதுதான்.

"மெயினை அணைச்சா ஹால்ல ஃபேன் எப்படி ஓடுது?"

"பின்ன இன்வர்ட்டர் எதுக்கு வாங்கினோம், அழகு பாக்கவா?"

அவன் சொல்லி வாய் மூடியதும்தான், எங்கிருந்தோ பீப், பீப் என்று ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்பது காதில் விழுந்தது.

"கேட்டியா? இன்வர்ட்டர் கத்துது. மெயின் இல்லைன்னா கத்தும் போல. என்னை நம்ப வேணாம், அதையாவது நம்பு."

இன்வர்ட்டர் வந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. அது கத்துமா பாடுமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சரி, மெதுவா தட்டுங்க. கீழ உங்க அண்ணன் தூங்கறாரு."

கீழ் வீட்டில் அவனுடைய அண்ணன் குடும்பம். அண்ணன் முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். மருந்துக் கடைக்குக் கிளம்பிய அண்ணி, ஒரு காது கீழேயே இருக்கட்டும் என்று இவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எப்படி இருக்காரு? பாத்தியா?"

"இப்பதான் எட்டிப் பாத்துட்டு வந்தேன். அசந்து தூங்கறாரு. நேத்தைக்கு இன்னைக்கு முகம் எவ்வளவோ தெளிஞ்சிருக்கு."

"அவருக்காகத்தான் இந்தப் பாடே. கீழ ஹீட்டர் கிடையாது. எழுந்ததும் உடம்பு துடைச்சுவிட நல்லா சுடுதண்ணி கொண்டுபோய்க் கொடுக்கணும்."

கருகிப்போன காயிலைக் கழற்றிவிட்டு, வாங்கி வந்த புதுக் காயிலை மாட்டினான். வேர்த்துக் கொட்டியது. சத்தம் நின்றபாடில்லை.

"காதைக் குடையுதுங்க. அதை நிறுத்த முடியாதா?"

"உன் நச்சரிப்புக்கு அது தேவலை. ஸ்பேனரை எடு."

கடைசியில் மூடியையும் மாட்டி முடித்தான். அவன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு ஸ்க்ரூகூட மிச்சமாகவில்லை. அந்தப் பெருமையில் அவன் மீசையைத் தடவிக்கொண்டபோது சத்தம் நின்றது.

"நின்னுடுச்சே," என்றாள் மனைவி.

"பேட்டரி தீர்ந்திருக்கும்."

அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். "பேட்டரி தீர்ந்தா ஃபேன் எப்படி ஓடும்?"

அவள் விறுவிறுவென்று போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜுக்கு இன்வர்ட்டர் லைன் கிடையாது.

"நம்ம வீட்ல கரண்ட் போகவே இல்லைங்க."

அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். இவ்வளவு நேரம் அவனுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது ஹீட்டரின் சின்ன சுவிட்ச் மட்டும்தான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவள் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. எந்த மெயினைத்தான் அணைச்சீங்க?"

"மாடிப்படிக்கு அடியில ரெண்டு சுவிட்ச் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கு. மேல் வீட்டுக்கு மேல் சுவிட்ச்தானேன்னு நினைச்சேன்."

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டவனின் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள். "உங்களைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே..."

கீழே அண்ணியின் குரல் கேட்டது. அது கூப்பிடுகிற குரல் இல்லை.

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். மருந்துப் பை வாசலிலேயே சிதறிக் கிடந்தது. அண்ணனின் மூக்கில் பொருத்திய குழாய் விலகாமல் அப்படியே இருந்தது. குழாயின் மறுமுனையில் இருந்த ஆக்சிஜன் மெஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அண்ணி அவர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது கட்டிலில் விழுந்தது.

அழக்கூடத் தோன்றாமல் அண்ணி இவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கரண்ட் போனா இது விடாம கத்தும், மேல் வீடு வரைக்கும் கேக்கும்னு சொல்லித்தானே மெஷின்காரங்க மாட்டிட்டுப் போனாங்க. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கவே இல்லையா?"