விஷுவல் இல்லாத சாவு

செல்போனில் ஓடிய வீடியோவைப் பார்த்தபடி டிவி செய்தி ஆசிரியர் ஸ்ரீரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே நின்ற நிருபர் நீரஜாவால் நம்பவே முடியவில்லை. சாவுச் செய்தியைத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே திருத்துகிற மனுஷன் அவர்.

காலையில்தான் அவள் கொண்டுவந்த செய்தியைத் தூக்கிப் போட்டிருந்தார். சாந்தோம் குப்பத்தில், தகரக் கூரைக்குக் கீழே, வெயில் தாங்காமல் பத்து நாளில் ஐந்து பேர் செத்திருந்தார்கள்.

"விஷுவல் எங்கம்மா? வெள்ளம்னா படகு இருக்கு, மொட்டை மாடியில கையாட்டற ஜனம் இருக்கு. உன் ஆளெல்லாம் தூங்கறாப்பல படுத்துண்டிருக்கா. ஆஸ்பத்திரி சீட்டுல வேற மாரடைப்புன்னு போட்டிருக்கு!"

"அஞ்சு பேருக்குமா சார்?"

"டாக்டரைக் கேளு" என்று ஏ.சி.யை இன்னும் இரண்டு டிகிரி குறைத்தார்.

ஐந்தாவதாகச் செத்தவன் மீன் விற்கும் தேவானையின் புருஷன். மதியத்திலிருந்து அவள் மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

"எம்பொண்ணும் மயங்கி விழுந்துட்சிம்மா. ஊசி போட்டு வூட்டுக்கே அனுப்பிட்டாங்கோ. வூடு அடுப்பா கீது. டிவில வந்தாத்தான் தண்ணி லாரி வரும், பந்தல் போடுவாங்கோ. எப்பம்மா போடுவீங்கோ?"

இன்றைக்கே வந்துவிடும் என்று நீரஜா வாக்குக் கொடுத்திருந்தாள். அதைக் கேட்கத்தான் மறுபடி உள்ளே வந்திருந்தாள்.

"அடையாறு சாய்நாத் சார் ஆத்துல பெரிய துக்கம்" என்றார் ஸ்ரீரங்கன். சாய்நாத் அடுக்குமாடி கட்டி விற்பவர்; சேனலுக்குப் பெரிய விளம்பரதாரர். "ஜாஸ்பர் போயிட்டான். நாலு வயசுதான்."

"ஐயோ! எப்படி சார்?"

"டிரைவர் வெயில்ல காரை நிறுத்தி, கண்ணாடியை ஏத்திட்டு, டீ குடிக்கப் போயிருக்கான். பாழாப்போன வெயில்!" வீடியோவை மறுபடி ஓடவிட்டார். "நேத்து பார்க்குல எடுத்தது. பந்தை எங்க வீசினாலும் எடுத்துண்டு ஓடி வந்துடுவான்."

நாலு வயசுப் பிள்ளை, பாவம் என்று நினைத்தாள் நீரஜா. யார் வீட்டுப் பிள்ளையானால் என்ன.

"சார், அந்தக் குழந்தையோட சேர்த்து நம்ம அஞ்சு பேரையும் போட்டுடலாமே?"

"அதையும் இதையும் கலக்காதே. மூணு கேமரா கிளம்பியாச்சு. அமைச்சர் மாலை போட வரார், நேரலை. 'வெயிலுக்கு முதல் பலி'ன்னு தலைப்பு."

"முதல் பலியா? அஞ்சு பேர் செத்திருக்காங்க சார்!"

"அவாளெல்லாம் மாரடைப்பு."

நீரஜாவின் கையிலிருந்த போன் நாலாவது முறையாக அடித்தது. தேவானை.

ஸ்ரீரங்கன் மூக்கைச் சிந்தினார்.

"நாய்ங்கறதைக் கீழ சின்னதா போட்டுக்கோ."