தலைமாட்டில் ஓர் ஆணி

"அத்த மட்டும் கேக்காதம்மா. வேற எத்த வேணா கை காட்டு, நாளைக்கே செஞ்சு தரேன்."

பச்சையப்பன் கும்பிடாத குறையாகச் சொன்னார். வெள்ளானூர் ரோட்டில் இருபது வருஷமாக மரக்கடை வைத்திருக்கும் மனுஷன். வாங்க வந்தவர்களிடம் விற்க மாட்டேன் என்று கெஞ்சுவது அவருக்கே புதுசு.

அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்திருந்தாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையும் முகமுமாகச் சுற்றிக் கண் மட்டும் தெரிய நின்றாள். வண்டியை விட்டு இறங்கி அரை மணி நேரமாகியும் அதை அவிழ்க்கவில்லை. பருத்திப்பட்டில் ஃபிளாட் வாங்கியிருக்கிறாளாம். பெட்ரூம் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை வேண்டும், பண்ணை வீட்டு ஸ்டைலில், பழைய மரத்தில், மேடுபள்ளம் அப்படியே தெரிய வேண்டும் என்று போனில் படமெல்லாம் காட்டினாள்.

பச்சையப்பனும் சலிக்காமல் எடுத்து வைத்தார். வெள்ளைப் பெயின்ட் அடித்தது, குறுக்குச் சட்டம் போட்டது, பழைய கதவை அறுத்துச் செய்தது. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டியவள், மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த புளியம்பலகையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"ஏன், இது விக்கிறதுக்கு இல்லையா மேஸ்திரி?"

"விக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாதும்மா. ரோடு போடறதுக்கு எங்க ஊர் எல்லைப் புளிய மரத்த வெட்டனாங்க. லோடோட லோடா இங்க வந்து சேந்துச்சு. அந்தாண்ட பக்கம் ஆணி கீது."

"ஆணிதானே? புடுங்கிட்டாப் போச்சு."

"ஐயே, இன்னாம்மா நீ! அது பேய் ஆணி."

சொல்லிவிட்டு உள்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பேய் பிடித்த பெண்ணை மரத்தில் சாய்த்து நிறுத்தி, உச்சி முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்து, அவளை வெடுக்கென்று இழுப்பார்களாம். முடியோடு பேயும் மரத்திலேயே தங்கிவிடுமாம். மந்திரம் சொல்வது பூசாரி. ஆணி அடிப்பது மட்டும் ஊர்த் தச்சனின் வேலை.

"கடைசி ஆணி நான் அடிச்சதும்மா. பதினேழு வருஷம் ஆச்சு. சின்னப்பையன்னு ஒருத்தர், அவரு பொண்ணு. வாயில நொரை தள்ளிகினு, கையி காலு இஸ்துகினு கீய உயுந்து துடிக்கும். இத்துனூண்டு பொண்ணு."

பலகையைத் தொடாமல் கையால் உயரம் காட்டினார். அவர் நெஞ்சளவுதான் இருந்தது.

"அப்புறம் என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு?"

"அடுத்த வாரமே ஊரக் காலி பண்ணிகினு பூட்டாங்க. பொண்ணு செத்துப்போச்சுன்னு கேள்வி. பேயி மட்டும் இதுலயே கீது. ஆணியப் புடுங்கினா கிட்ட யாரு கீறாங்களோ அவங்களப் புடிச்சுக்கும். எம் பொண்ணு விஜி பிரசவத்துக்கு வந்துகீறாம்மா. இது ஏழாம் மாசம். உனுக்குப் புண்ணியமாப் போவும், உட்டுடு."

அவள் துப்பட்டாவின் மேலேயே உச்சந்தலையை ஒரு தரம் தடவிக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று போய், பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

துருப்பிடித்த ஆணி. விரல் தடிமன். அதன் கழுத்தில் செம்பட்டையாக ஒரு கற்றை முடி இறுகிக் கிடந்தது.

பலகை வந்த இந்த ஒரு மாசமாக அந்த மூலைப் பக்கம் பச்சையப்பன் கண்ணைக்கூடத் திருப்பியதில்லை.

"வோணாம்மா! உன் கால்ல உயுறேன்!"

அவள் பட்டறை மேலிருந்த சுத்தியலை எடுத்தாள். அதன் பின்பக்கப் பிளவை ஆணித் தலைக்குக் கீழே கொடுத்து நெம்பினாள். கிறீச்சென்றது மரம்.

அந்த நேரம் பார்த்துத்தானா விஜி வர வேண்டும்? கையில் தண்ணீர்ச் சொம்பு, மேல்மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா நைனா, இப்டிக் கத்திகினு கீற?"

"உள்ள போடீ! கதவச் சாத்திக்கடீ!"

ஓடிப்போய் மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். 'வேம்புலியம்மா தாயே, புடிக்கிறதுன்னா என்னியப் புடிக்கச் சொல்லு, எம் பொண்ண உட்டுடச் சொல்லு...'

டங்கென்று ஆணி தரையில் விழுந்தது.

மெல்லக் கண்ணைத் திறந்தார். விஜி சொம்பும் கையுமாக அப்படியேதான் நின்றாள். அந்தப் பெண் குனிந்து ஆணியைப் பொறுக்கி, சுற்றியிருந்த முடியை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் பச்சையப்பன்.

அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். அவர் பக்கம் தலையைக் குனிந்து காட்டினாள். உச்சியில் எட்டணா அளவுக்கு முடியே முளைக்காமல் வழவழவென்று ஒரு தழும்பு.

"அது பேயில்ல மேஸ்திரி, வலிப்பு. மாத்திரை சாப்பிட்டேன், நின்னுடுச்சு. நீங்க அடிச்ச ஆணிச் சத்தம்தான் நிக்கல, ராத்திரி தலையச் சாச்சாலே கேக்குது" என்றாள் சின்னப்பையனின் மகள். "இந்தப் பலகையவே தலைமாட்டுக்கு வெச்சுக் குடுங்க. ஆணி இல்லாம ஒரு நாள் இதுல சாஞ்சு தூங்கிப் பாக்கறேன்."