கழுத்தளவு

“மாஸ்டர், நீங்க சொன்னது சரியாப் போச்சு!”

கடைக்குள் நுழைந்தவரைத் தையல்காரருக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. நாலு மாதம் முன்பு இரண்டாவது தடவையாகச் சட்டை தைக்க வந்தபோது மனிதர் துரும்பாய் இளைத்திருந்தார். இப்போது கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

“அட, நீங்களா சார்! உக்காருங்க. உடம்பு தேவலையா?”

“நான் உசுரோட நிக்கறேன்னா அதுக்கு நீங்கதான் காரணம்.” வந்தவர் தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவி நிமிர்ந்தாள். “ஐயையோ, அப்படி இவர் என்ன பண்ணினார்?”

“அளவெடுத்தார்மா. பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, இடுப்பு மூணு அங்குலம் குறைஞ்சிருக்கு, கழுத்து மட்டும் ஒரு அங்குலம் ஏறியிருக்குன்னார். கழுத்து நரம்பு டேப்பையே தள்ளுதுன்னார். ‘சட்டை கிடக்கட்டும், முதல்ல போய் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க’ன்னு துணியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டார்.”

“எனக்கு என்ன சார் தெரியும்? ஆள் இளைச்சா கழுத்தும் சேர்ந்துதானே இளைக்கணும்? கணக்கு உதைச்சுது, சொன்னேன்.”

“தைராய்டு மாஸ்டர். அது கன்னாபின்னான்னு சுரந்து இதயத்தை விரட்டியிருக்கு. சும்மா உக்கார்ந்திருந்தாலே நிமிஷத்துக்கு நூத்திமுப்பது துடிப்பு, அதுவும் தாறுமாறா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயத்துக்குள்ளேயே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். இப்போ மாத்திரையில எல்லாம் அடங்கிடுச்சு.”

“அதுவரைக்கும் டாக்டர்கிட்டயே போகலையா?” என்றாள் அவள்.

“கூடவே ஒருத்தர் இருந்தார்மா. இதய டாக்டர். படபடப்புன்னா காபியைக் குறைன்னார். கை நடுங்கினா தூக்கம் போதலைன்னார். ஒரு தடவைகூட நாடியைத் தொட்டுப் பார்க்கலை.”

“நல்லா இருக்கே கதை! அவரெல்லாம் ஒரு டாக்டரா? சும்மாவா விட்டீங்க?”

“என்னம்மா பண்றது? எனக்கு ரொம்ப வேண்டியவராப் போயிட்டார்.”

“வேண்டியவராவது, வேண்டாதவராவது! உசுரு போயிருந்தா? கூட்டிட்டு வாங்க இங்க. நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன்.”

“நீ சும்மா இரு” என்று மனைவியை அடக்கிவிட்டு, தையல்காரர் டேப்பை எடுத்தார். இடுப்பு, தோள், கை என்று எல்லாம் அளந்து, கடைசியில் கழுத்துக்கு வந்தார். பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. துடிப்பும் நிதானமாக இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“எத்தனை சட்டை சார்?”

“எனக்குச் சட்டை அப்புறம் தைக்கலாம். முதல்ல அந்த டாக்டருக்கு ரெண்டு வெள்ளைக் கோட்டு தைக்கணும்.”

“அவர் நேர்ல வந்தாத்தானே சார் அளவெடுக்க முடியும்?”

வந்தவர் அசடு வழியச் சிரித்தார்.

“இப்பதானே எடுத்தீங்க மாஸ்டர்! நீங்க கேளுங்கம்மா, அந்த நாலு கேள்வியை.”