ஏரி பார்க்காத கார்

“பெல்ட்டைக் கழட்டுங்க, ரவ்னோ.”

ரவ்னோ திடுக்கிட்டுத் தன் மார்பைக் குனிந்து பார்த்தான். எப்போது மாட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கார் கரைச் சரிவில் இறங்கி, உறைந்த ஏரியின் மேல் போட்டிருந்த பாதையில் ஏறியிருந்தது.

“கார் விக்கிறவரு, ஏரிமேல போறப்ப பெல்ட் மாட்டுறீங்களே! ஐஸ் உடைஞ்சா எப்படி வெளிய குதிப்பீங்க? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க,” என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த ஹில்க்கா.

“கைப்பழக்கம், மேடம்.”

பழக்கமில்லை, பயம். ஏப்ரல் பிறந்துவிட்டது. ஐஸ் மேல் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. ஓரிரு நாளில் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். கடையைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதாதா? இந்தப் பெண் நேராக ஏரிக்கு அல்லவா திருப்பிவிட்டாள்.

அதைவிடப் பெரிய பயம் இந்தக் காரே. போன குளிர்காலத்தில் வடக்கே ஏதோ ஓர் ஏரியில் மூழ்கி, கிரேன் வைத்துத் தூக்கிய கார். ஏலத்தில் எடுத்து, சீட்டுகளைக் கழற்றி, வீட்டு சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அடுப்பை மூட்டி வாரக்கணக்கில் காயவைத்தான். குளிக்க இடமில்லை என்று மனைவி திட்டித் தீர்த்தாள். சின்ன ஊர். விஷயம் வெளியே தெரிந்தால் அப்புறம் அவனிடம் ஒரு சைக்கிள்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

“பின்சீட்டை மடிச்சா ஸ்கீ பலகையெல்லாம் நீளவாக்குல போகுமா?”

“தாராளமா. கூடாரம், தூண்டில், ஐஸ்ல துளை போடுற துரப்பணம், எல்லாம் போகும். அதுக்கு மேலயும் இடம் மிஞ்சும்.”

“மைனஸ் முப்பதுல கிளம்புமா?”

“ராத்திரி இன்ஜின் ஹீட்டர் ஒயரைச் சொருகி வெச்சீங்கன்னா, காலையில சாவியைத் தொட்டாப் போதும். நாலு சக்கரமும் இழுக்கும், மேடம். கரடி மாதிரி!”

“கரடி குளிர்காலம் பூரா தூங்குமே?”

ரவ்னோ சிரிக்கப் பார்த்தான். காருக்கு அடியில், ஆழத்தில், ஏரி நீளமாக முனகியது.

“இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?” என்றாள் ஹில்க்கா.

“ஒரு வயசான மருந்துக்கடைக்காரம்மா. பூ மாதிரி வெச்சிருந்தாங்க. காளான் பொறுக்கக் காட்டுக்குப் போவாங்க, வருவாங்க. அவ்வளவுதான்.”

“நல்லவங்களா?”

“தங்கமானவங்க.”

“ஏரிப் பக்கம் போவாங்களா?”

“ஏரியா? கரையைக்கூடப் பார்த்ததில்ல இந்த வண்டி.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஹில்க்காவின் விரல்கள் வெளுத்திருந்ததை ரவ்னோ அப்போதுதான் கவனித்தான். இவளுக்கும் பயம். பிறகு எதற்கு இங்கே வந்தாள்?

ஏரியின் நட்டநடுவில் கார் நின்றது. அவள் சாவியைத் திருப்பி இன்ஜினையும் அணைத்தாள்.

“மேடம்! இங்க நிறுத்தக் கூடாது! ஒரே இடத்துல இவ்வளவு கனம் நின்னா...”

“தெரியும்.”

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். காருக்கு அடியில் தொடங்கி எதிர்க்கரை வரை ஓடி அடங்கியது. பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் மெல்ல நடுங்கியது.

“எனக்கும் உடம்பெல்லாம் உதறுது, ரவ்னோ. ஆனா என் பிள்ளைங்க உக்காரப் போற வண்டி. இது தண்ணியில கிடந்துச்சா, இல்லையா?”

ரவ்னோவின் கை கதவுக்குப் போனது. கதவுக்கு வெளியேயும் அதே ஐஸ்தான். மறுபடி வெடித்தது, இந்த முறை இன்னும் பலமாக.

“கிடந்துச்சு! போன வருஷம் மூழ்குச்சு! மருந்துக்கடைக்காரம்மான்னு யாருமே இல்ல, நான் கட்டிவிட்டது. ஏலத்துல எடுத்தேன்.”

“என்னென்ன மாத்துனீங்க?”

“ஒயர் மொத்தமும் புதுசு. பிரேக் புதுசு. இன்ஜினைப் பிரிச்சுக் கழுவி மாட்டினேன். சீட்டை சவுனாவுல காயவெச்சேன். இது சத்தியம். வண்டியைக் கிளப்புங்க, புண்ணியமாப் போகும்! ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்க!”

அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கார் மெதுவாக, மிக மெதுவாக ஊர்ந்தது. அவசரப்பட்டால் அடியில் அலை எழும்பி ஐஸைப் பிளக்கும் என்று இருவருக்கும் தெரியும். ரவ்னோ கண்ணை மூடிக்கொண்டான். டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தான்.

எதிர்க்கரையில் காரை நிறுத்திவிட்டு ஹில்க்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கடையில வேற நல்ல வண்டி இருக்கு, மேடம்,” என்றான் ரவ்னோ, தலை நிமிராமல். “ஏரிப் பக்கமே போகாதது. நிஜமாவே போகாதது.”

“வேண்டாம். இதையே என் பேருக்கு எழுதிடுங்க.”

“மூழ்கின வண்டின்னு சொல்றேனே!”

“தெரியும். அன்னிக்கு இதை ஓட்டினது நான்தான். என்னென்ன மாத்துனீங்கன்னு உங்க வாயால உண்மையைக் கேக்கத்தான் ஏரி நடுவுல நிறுத்தினேன்,” என்றாள் ஹில்க்கா. “மூணு பிள்ளைங்களையும் ஒவ்வொண்ணா நான் ஐஸ் மேல இழுத்துப் போடுற வரைக்கும் முங்காம மிதந்துக்கிட்டே இருந்துச்சு. அப்படி எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்த வண்டி உங்க கடையில வேற இருக்கா?”