அளக்க வந்தவர்கள்

பிராகோ வெளிச்சுவரில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். முற்றத்தில் ஃபூஃபூ உருண்டைக்காக அவித்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்த உலக்கை பாதியில் நின்றது.

கானா நாட்டின் குமாசி நகரில் ஒரு சுவரில் சிவப்புக் குறி விழுந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நகராட்சி அந்த வீட்டை இடிக்கப் போகிறது.

வீட்டுக்காரி அஃப்ராகோமா ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட இருவரையும் பார்த்தாள், பிராகோவோடு வந்த ஒஃபோசுவின் கையிலிருந்த நீளமான அளவுநாடாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஆபீசர், என் வீட்டையா இடிக்கப் போறீங்க?"

தெருமுனை வரை கேட்டிருக்கும். பிராகோ வாயைத் திறப்பதற்குள் ஒஃபோசு அவள் காலை மிதித்தான்.

"இப்போதைக்கு அளக்கத்தாம்மா வந்திருக்கோம்," என்றான். அதில் பொய் எதுவும் இல்லை.

இருவரும் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு. முற்றத்தைச் சுற்றி அறைகள் கட்டிய பழைய வீடு ஒன்றை அறை விடாமல் அளந்து வரைய வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். ஓர் அறை விட்டுப்போனாலும் இதே வகுப்பில் இன்னொரு வருடம்தான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவர் கைகாட்டிய வீடுகளில் ஒன்றில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், இன்னொன்றில் கதவே திறக்கவில்லை. மிச்சம் இது மட்டும்தான்.

ஹெல்மெட் கல்லூரியின் ஏற்பாடு. சுவரில் போட்ட குறி அளவு தொடங்கும் இடம், கைக்குக் கிடைத்தது சிவப்புக் கட்டி, அவ்வளவுதான்.

"உண்மையைச் சொல்லிடலாம்டா," என்று முணுமுணுத்தாள் பிராகோ.

"சொல்லேன். சொல்லிட்டு அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து செங்கல் வரைஞ்சிட்டு இரு."

அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அஃப்ராகோமா அவர்களுக்கு முன்னால் ஓடி, இந்த மூலையில் இருந்த பெட்டியையும் எதிர்மூலையில் இருந்த மூட்டையையும் இழுத்து நகர்த்தினாள். அறை கோணலா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்கே நாடா பிடிக்க வேண்டும். கேட்காமலேயே வழி கிடைத்துக்கொண்டிருந்தது. பயம் எப்படி வேலை செய்கிறது பார் என்று ஒஃபோசு கண்ணடித்தான். பிராகோ அவன் பக்கம் திரும்பாமல் அளவைக் குறித்துக்கொண்டாள்.

கடைசியாக முன்னறை. அங்கே ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் பாது படுத்திருந்தான். அஃப்ராகோமாவின் கணவருக்கு அக்கா மகன்; மாமன் சொத்து அக்கா மகனுக்கு என்பது அங்கே பழைய வழக்கம். சில மாதங்களுக்கு முன் மாமாவின் துக்கத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. வீடு அவள் துணி விற்றுக் கட்டியது. அவனோ மூன்று வேளையும் அவள் கையால் தின்றுவிட்டு, மாமா வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஹெல்மெட்டுகளைக் கண்டதும் எழுந்து பாட்டை நிறுத்தினான். பிராகோவின் பக்கம் குனிந்து, எப்போது என்று கேட்டான்.

"திங்கட்கிழமைக்குள்ள முடிச்சாகணும்," என்றாள் அவள். வரைபடத்தைத்தான் சொன்னாள்.

அஃப்ராகோமா கதவுநிலையில் சாய்ந்து மூக்கை உறிஞ்சினாள். "இடிக்கிற செலவையும் வீட்டுக்காரங்கதான் கட்டணுமாமே ஆபீசர்? இது இவன் மாமா வீடு. இவன்கிட்டயே கேட்டுக்குங்க."

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று பிராகோவுக்குத் தெரியாது. பாதுவுக்கும் தெரியாது போலிருந்தது. அவன் ஒலிபெருக்கிகளின் வயரைப் பிடுங்க ஆரம்பித்தான்.

முற்றத்தில் பனங்கொட்டைச் சூப்பும் கோழியும் ஃபூஃபூவும் வந்தன. வேண்டாம் என்றாலும் அஃப்ராகோமா விடவில்லை. ஒஃபோசு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். பிராகோ முதல் உருண்டையோடு நிறுத்திக்கொண்டாள், ஏனென்றால் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றிருந்தது. பாது மெத்தையைச் சுருட்டி அதன் கூரைமேல் கட்டினான். ஒலிபெருக்கிகளைப் பின்சீட்டில் திணித்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறிப் போய்விட்டான்.

தன்னால் ஒருவனுக்குத் தங்க இடம் இல்லாமல் போயிற்று. இந்த அம்மா இன்று இரவு தூங்கவும் மாட்டாள். வருடம் போனால் போகட்டும் என்று பிராகோ கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். ஒஃபோசு அவள் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பொருட்படுத்தவில்லை.

அஃப்ராகோமா வாசலில் நின்று டாக்சி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க நகராட்சி ஆளுங்க இல்ல," என்றாள் பிராகோ ஒரே மூச்சில். "கட்டடக்கலை படிக்கிறவங்க. உங்க வீட்டை யாரும் இடிக்க மாட்டாங்க. முதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சிருங்க. நாங்க வரைஞ்சதை வேணும்னா கிழிச்சுப் போட்டுடறோம்."

அஃப்ராகோமா திரும்பவில்லை. டாக்சி வளைவில் மறையும் வரை பொறுத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை எடுத்துச் சுவரிலிருந்த சிவப்புக் குறியை நிதானமாக அழிக்க ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. வருஷா வருஷம் பிள்ளைங்கள இங்க அனுப்புவாரு உங்க சார், இந்தத் தடவைதான் ரொம்பக் காக்க வெச்சிட்டாரு."