மச்சினன் மண்டைக்குள்

மெஷின் எதுவும் இல்லாமல், வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே, ஒரு மனிதனின் மூளையைப் படம் பிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

ஆஸ்பத்திரியில் மூளையை ஸ்கேன் எடுக்கும் கூடத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊர்த் தலைகளில் பாதியை உள்ளே பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியில் பார்க்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கு மச்சினன் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. மார்போடு அணைத்தபடி இறந்துபோன அப்பாவின் போட்டோ, அக்குளில் ஒரு பத்திரம்.

அப்பா வீட்டில் அக்காவுக்கு உள்ள பாதியை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் கேட்டான்.

"அப்பா மூச்சு விட்ட வீடுக்கா. என்னை விட்டா அதை யாரு பாத்துப்பா?" என்று அழுதான்.

சும்மா அழுகையா அது? டீப்பாய் மிதந்தது. என் செருப்பு இரண்டும் வாசல் வரை நீந்திப் போய்த் திரும்பி வந்தன.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. அந்தப் பாதியும் போனால் எங்களுக்கும் எங்கள் மகளுக்கும் சொந்தமென்று ஒரு செங்கல்கூட மிஞ்சாது. இது என் மனைவிக்கும் தெரியும். தம்பி அழுதால் மட்டும் அவளுக்கு எதுவும் தெரியாது.

வலது கையில் பேனாவை எடுத்துவிட்டாள்.

இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் கதை அளக்க ஆரம்பித்தால் நகத்தை ஊன்றுவதற்காக. கல்யாணமான நாளிலிருந்து உள்ள ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், உடும்புப் பிடி.

எனக்கு அழுகைமேல் சந்தேகம் இல்லை. அழுகைக்கு நடுவில் விட்ட இடைவெளிமேல்தான். ஒவ்வொரு விம்மலுக்கும் அவன் கண், பேனா எதுவரை வந்திருக்கிறது என்று ஓர் எட்டு பார்த்துவிட்டு வந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு டாக்டரம்மா, ஆராய்ச்சிக்காக ஆட்களை மெஷினுக்குள் படுக்கவைத்துச் சோகக் காட்சிகளைக் காட்டி, துக்கத்தை அடக்கச் சொல்வார். பாதிப் பேருக்குத் துக்கத்தை அடக்குவதற்குள் நெற்றிக்குப் பின்னால் ஒரு மல்யுத்தமே நடந்து முடியும். ஒருசிலருக்கு அங்கே ஒரு ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். கண்ணீர்க் குழாயைத் திறப்பான், மூடுவான், டீ குடிப்பான்.

மெஷின் பார்ப்பது ரத்த ஓட்டத்தைத்தானே? தலைக்குப் போகிற அதே ரத்தம்தானே கைக்கும் வருகிறது?

ஆறுதல் சொல்கிற சாக்கில் மச்சினன் கையை என் மடிக்கு இழுத்து, நாடியில் விரலை வைத்தேன்.

மேலே பிரளயம். கீழே மத்தியானம் குறட்டை விடுகிறவனின் நாடி.

"அழாதப்பா," என்றேன். "போன வாரமே உங்கக்கா அவ பங்கை எங்க மக பேருக்கு எழுதிட்டா. இனி இதுல கையெழுத்துப் போட்டாலும் செல்லாது."

என் மணிக்கட்டில் பிடி இறுகியது. ஆனால் நகம் இறங்கவில்லை.

மச்சினன் ஈரக் கண்ணோடு சிரித்தான். "ரொம்ப சந்தோஷம் அத்தான். நம்ம புள்ளைக்குத்தானே போகுது."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கீழே அவன் நாடி குதித்த குதியில் என் விரல் மூன்றும் மேலே போய் மின்விசிறியில் அடிபட்டுத் திரும்பின. நூறு குதிரைகள் ஓடின. கால்மேல் கால் போட்டவன் நாற்காலியோடு கவிழ்ந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

அவசர வேலை என்று எழுந்து போனான். பத்திரத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டான். அப்பாவின் போட்டோ சோபாவிலேயே கிடந்தது.

"பாத்தியா? நான் சொன்னா எதைத்தான் நம்பியிருக்கே நீ?" என்றேன் மனைவியிடம்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடந்தது நிஜந்தான். அவன் கழுத்து நரம்பு துடிச்சதை நானும் பாத்தேன்."

என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அங்கே பதிந்திருந்தது நகமல்ல. மூன்று விரல் நுனிகள்.

"அந்தப் பொய்யைச் சொன்னப்போ உங்க நாடி அசையவே இல்ல," என்றாள். "அதுவும் நடந்தது."