கடைசிக்கு முந்தினவர்

“அந்த ஆளைப் போட்டியிலிருந்து நீக்கணும். இப்பவே நீக்கணும்!”

கழுத்து வரை சேறு, நெற்றியில் ஒரு கீறல். அந்தக் கோலத்தில் கூடாரத்துக்குள் நுழைந்த கண்ணாடிக்கடைக்காரர், சேறு அப்பிய தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பின்னாலேயே அவர் மைத்துனனும் வந்து நின்றான்.

ஓட்டத்தை நடத்துகிற அம்மா நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஆள் சார்?”

“எனக்குப் பின்னால வந்தவர். ஊதா பனியன்.”

ஊதா பனியனின் பெயர் இவருக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

டாக்டர் நடக்கத்தான் சொன்னார். இவராக ஓட ஆரம்பித்தார். வீட்டில் மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, நீங்க ஓடுறீங்களா, இல்ல நின்ன இடத்துல குதிக்கிறீங்களா?”

அந்த ரோஷத்தில், சாப்பிட உட்கார்ந்த எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “என்னைக்கு நான் கடைசியா வர்றேனோ, அன்னைக்கே ஷூவைக் கழட்டி உன் கையில குடுத்துடறேன். அதோட ஓட்டத்துக்கு ஒரு கும்பிடு.”

கொடுக்க வேண்டி வரவில்லை. பாலத்து ஓட்டத்தில் ஊதா பனியன் ஷூ கயிறு கட்ட நின்றுவிட்டார். குன்றுப் பாதை ஓட்டத்தில் ஷூவுக்குள் கல் போய்விட்டதென்று உட்கார்ந்துவிட்டார். கொட்டுகிற மழையில் ஓடியபோது நடு ரோட்டில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். முடிவுக் கோடு கண்ணில் பட்டதும் மனிதருக்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். இவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அது சரியாகும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள். “எத்தனாவது?”

“கடைசி இல்ல.”

முதல் மூன்று பேருக்குக் கோப்பை, மற்றவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பதக்கம். அதனால் அவளும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இன்றைக்குத் தடை ஓட்டம். மைத்துனன் முதல் தடவையாக நேரில் பார்க்க வந்திருந்தான், கையில் ஒரு காலிப் பையோடு. எதற்கென்று கேட்டதற்கு, “ஷூ வைக்கத்தான் மாமா” என்றான்.

“அவர் அப்படி என்ன சார் பண்ணினார்?” என்று கேட்டார் அந்த அம்மா.

“என்ன பண்ணல? பலகைச் சுவர்ல நான் வயிறு தேயத் தேய ஏறினேன். அவர் சுவரைச் சுத்திக்கிட்டு வந்தார். நான் சேத்துக்குழியில முங்கி எழுந்தேன். அவர் கரை ஓரமா சாவகாசமா நடந்து வந்தார். அது போகட்டும். வழி தெரியறதுக்காக நீங்க நட்டு வச்சிருக்கிற கொடியை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிப் பையில போட்டுக்கறார். திரும்பிப் பார்த்தேன். கண்ணால பார்த்தேன்!”

அந்த அம்மா குறுக்கிட்டார். “சார்... அவர் வந்து...”

“தப்புதாம்மா.”

கூடார வாசலில் ஊதா பனியன் நின்றிருந்தார். தோளில் புடைத்த பை. அதற்குள்ளிருந்து கொடிக் கம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“இவர் சொன்னதெல்லாம் நிஜம். நான் ஒரு தடையைக்கூடத் தாண்டல.”

“பார்த்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டார். நீக்குங்க!” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“இருங்க மாமா” என்றான் மைத்துனன். “இவரை நீக்கிட்டா, அப்புறம் கடைசி யாரு?”

கோபத்தில் அவர் அதை யோசித்திருக்கவில்லை.

மைத்துனன் பையை விரித்துப் பிடித்தான். “எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. கடைசியா வந்தா ஷூவும் போச்சு, ஓட்டமும் போச்சு. கழட்டுங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் தன் கால்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்தார். கயிற்றில் சேறு காய்ந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தும் அவிழவில்லை.

“ஒரு நிமிஷம்” என்றார் ஊதா பனியன். “என்னை நீக்கிட்டா நான் வந்தது போனதே யாருக்கும் தெரியாது. அது ஒரு தண்டனையா? கடைசின்னு சொல்லுங்க. நான் பண்ணின வேலைக்கு அதுதான் சரி.”

அந்த அம்மா பேனாவை எடுத்தார். “சரி. நீங்கதான் கடைசி.”

மைத்துனன் பையைச் சுருட்டிக்கொண்டான். கண்ணாடிக்கடைக்காரர் நிமிர்ந்தார். போன உயிர் வந்ததும் கூடவே கோபமும் வந்தது.

“அவருக்குப் பதக்கம் குடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“குடுக்க மாட்டோம் சார். அவருக்கு நாங்க என்னைக்குமே குடுத்ததில்ல.”

வண்டி வரைக்கும் வந்த பிறகுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனுஷன் தன்னுடையதை மறந்துவிட்டு வந்திருக்கிறார். மைத்துனனை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கூடாரத்துத் துணியில் கை வைத்தபோது உள்ளே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“எதுக்கு இப்படிக் கூனிக் குறுகி நிக்கணும்? ‘போட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, கடைசியா ஓடுறவர் விழாம கொள்ளாம வந்து சேர்றவரைக்கும் பின்னாலேயே வந்து, கொடியைப் பிடுங்கிட்டு வர்றதுதான் என் வேலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே?”

“முடிஞ்சிருக்கும்” என்றது ஊதா பனியனின் குரல். “அவர் ஓடுறதும் அதோட முடிஞ்சிருக்கும். ஒருத்தன் பையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னானே, பார்க்கலியா?”

கண்ணாடிக்கடைக்காரர் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வந்தது தெரியாமல், ஈரப் புல்லில் ஓசைப்படாமல் நடந்து வண்டிக்கு வந்தார்.

“கண்ணாடி எங்க மாமா?”

“கிடைக்கல. வண்டியை நீயே ஓட்டு.”

“அப்ப கண்ணாடி?”

“அடுத்த ஓட்டத்துக்கு வரும்போது கேட்டு வாங்கிக்கறேன்.”